அக்காவின் கேப் இறங்கவில்லை

இரண்டாவது கேப்பும் திரும்பி வந்த அன்று நான் போனில் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் லேபில் எல்லோருக்கும் தெரியும். பல்லுக்குப் போடும் செராமிக் கேப் செய்வது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். கிளினிக்கில் பல்லைச் செதுக்கி, வாய்க்குள் சின்னக் கேமராவை விட்டு ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். நான் அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, அளவு பார்த்து, கேப்பை வரைந்து, மெஷினில் கடைந்து, சூளையில் சுட்டு அனுப்புவேன். அங்கே டாக்டரம்மா அதைப் பல்லில் வைத்து அழுத்தினால் சொல்லி வைத்தாற்போல் உட்காரும். என் கேப் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது என்று நானே பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன்.

இப்போது ஒரே பல்லுக்கு இரண்டு தடவை. அதுவும் என் அக்காவின் பல்.

"ஏம்மா, கேமராவைப் பிடிச்சு ஸ்கேன் எடுக்கிறீங்களா, இல்ல விசிறி மாதிரி வீசிட்டுப் போறீங்களா?" என்றேன் கிளினிக் பெண்ணிடம்.

"அண்ணா, ஸ்கேன் தெளிவாத்தான் இருக்கு. விளிம்பு சுத்தி எங்கயும் விட்டுப் போகல. கேப்தான் இறங்காம மேல நிக்குது. ஒரு மயிரிழை."

"அப்போ தப்பு என் பேர்லயா?"

"அப்படிச் சொல்லலண்ணா. எதுக்கும் நீங்க ஒரு தடவை..."

"நீங்க எனக்கு வழி சொல்ல வேண்டாம். மறுபடி ஸ்கேன் எடுங்க. நாளைக்கு நானே வரேன். பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன்."

"சரிங்கண்ணா," என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அவள் அப்படித்தான். டாக்டரம்மாவுக்கு உதவியாக இருப்பவள். அங்கே ஸ்கேன் எடுப்பது அவள்தான். எவ்வளவு கத்தினாலும் "சரிங்கண்ணா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவாள். அதனால் அவளுக்கு நான் வைத்திருந்த பேர் ஊமைக்கோட்டான். முகத்துக்கு நேரே சொன்னதில்லை, என் மனைவியிடம் மட்டும் சொல்வேன். இன்றைக்கு அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இதையெல்லாம் நான் சொல்ல வந்ததே அந்தப் பெண்ணால் எங்கள் குடும்பத்துக்கு நடந்த நல்லதைச் சொல்லத்தான்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாயாலேயே பிரேக் போடுகிறவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வாய்க்குள்தான் புற்றுக்கட்டி வந்தது. தாடைக்குக் கதிர் வைத்தார்கள். நோய் போனது; போகும்போது எச்சிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவளால் வாசல் தாண்ட முடியாது. வாயும் முன்போலத் திறக்காது. இடது பக்கக் கடைவாய்ப் பற்களைச் சிகிச்சைக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். வலது பக்கம் கீழே மெல்லுவதற்கென்று இருந்ததே ஒரு பல்தான். அதிலும் சொத்தை விழுந்து, வேருக்கு மருந்து வைத்து, செதுக்கி, கேப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பதினான்கு மாதமாக எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் குடிக்கிறாள். வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஏதாவது வேலை இருக்கிறது என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளுக்கு அந்த நேரத்தில் எந்த வேலையும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வேலையைக் கொடுக்கும்போதே டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"லேப்காரரே, உங்க அக்காங்கறதுக்காகச் சொல்லல. யாரா இருந்தாலும் இதுதான். கதிர் வச்ச தாடையில பல்லைப் பிடுங்கினா எலும்பு லேசுல ஆறாது. ஆறாமப் போச்சுன்னா தாடையிலயே கை வைக்க வேண்டி வரும். அதனால இந்தப் பல்லு போகக் கூடாது. கேப் விளிம்புல ஒரு இடுக்கு இருந்தாப் போதும், எச்சில் இல்லாத வாயில சொத்தை அதுவழியா உள்ள பூந்துடும். இன்னொரு தடவை செதுக்கவும் பல்லுல இடமில்ல."

எனக்குப் பயம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா. "என் கையில விட்டுட்டீங்கல்ல, நிம்மதியா இருங்க டாக்டர்," என்றேன்.

அப்படிச் சொன்னவனுடைய கேப்தான் இரண்டு தடவை இறங்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எதுக்கும் ஒரு தடவைன்னு என்னவோ சொல்ல வந்துச்சே, என்னன்னு கேட்டீங்களா?"

"அவ என்னத்தச் சொல்லப் போறா?"

"கேட்டாத்தானே தெரியும். ரெண்டு காது இருக்கு உங்களுக்கு. ரெண்டும் கண்ணாடி மாட்டத்தான்."

நான் விறைப்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை கிளினிக்குக்குப் போனபோது அக்கா ஏற்கெனவே நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அது நீளமான அறை. நடுவில் ஒரு துணித் திரை. அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலியில் யாருக்கோ டாக்டரம்மா வேலை செய்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஸ்கேனர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் மானிட்டரை எனக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள் அந்தப் பெண்.

"வாங்க இன்ஸ்பெக்டர்," என்றாள் அக்கா. "ரெண்டு தடவை வாயைப் பொளந்து காட்டினது பத்தலன்னு நேர்லயே வந்துட்டியா?"

"உனக்காகத்தான்க்கா. இவங்க எங்க தப்பு விடறாங்கன்னு பார்க்கணும்."

அந்தப் பெண்ணின் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது. "அண்ணா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் பாருங்களேன்," என்றாள்.

"முதல்ல ஸ்கேன். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"சரிங்கண்ணா."

அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

மெல்லிய மரப் பட்டைகளை எடுத்து அக்காவின் பல்வரிசைக்கு நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினாள். ஆறாவது பட்டைக்கு வாய் இரண்டு விரல் அளவு திறந்தது. ஏழாவதை வைக்கும்போது அக்காவின் இரண்டு கையும் நாற்காலிப் பிடியை இறுக்கின. கேமரா நுனி உள்ளே போனது. அதைப் பின்பக்கம் திருப்புகையில் உதட்டு ஓரம் வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது. அக்கா சத்தம் போடவில்லை. கண்ணீர் மட்டும் பக்கவாட்டில் வழிந்து காதுமடலில் நின்றது. பெண் கேமராவை வெளியே எடுத்து, பட்டைகளை உருவி, அவளை மூச்சு வாங்க விட்டு, நெற்றியைத் தடவிக்கொடுத்து, மறுபடி முதலிலிருந்து பட்டை செருகினாள்.

"முன்னாடி ரெண்டு தடவையும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணா. நிறுத்தி நிறுத்தித்தான் எடுக்க முடியும்."

அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனில் கேட்டால், "ஸ்கேன்தானே, போட்டோ எடுக்கற மாதிரி," என்பாள்.

அவள் கன்னத்தை விலக்கியிருந்த சின்னக் கண்ணாடி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. பெண் அதை இழுக்கவில்லை. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு விட்டு, இளகிய பிறகு மெதுவாகப் பிரித்தாள். அந்த நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தம் வந்தது. பாயசத்தை உறிஞ்சுகிற மாதிரி கொர்ரென்று இழுத்துக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்துக் குழாய் கொக்கியில் சும்மா தொங்கியது.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "குழாய் போடாமலே ஸ்கேன் எடுக்கிறீங்களே, அதை ஏன் போடல?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எதை உறிஞ்சறதுண்ணா? இவங்க வாயிலதான் ஒண்ணுமே இல்லையே."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மானிட்டரைப் பார்த்தேன். செதுக்கிய பல்லின் விளிம்பு, கத்தியால் வெட்டிய காகிதம்போல அத்தனை சுத்தமாக நின்றது. இந்தக் கிளினிக்கிலிருந்து அப்படி ஒரு விளிம்பை நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதுகூடப் பொய். முந்தைய இரண்டு ஸ்கேனிலும் அதேதான் வந்திருந்தது. நான்தான் பார்க்காமல் பட்டனை அமுக்கியிருந்தேன்.

அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் இவர்கள் ஸ்கேனர் வாங்கிய புதிதில், வருகிற ஸ்கேன் எல்லாவற்றிலும் பல்லின் விளிம்பில் எச்சில் தேங்கியிருக்கும். கேமராவுக்குப் பல் எது, எச்சில் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பல் என்றே எழுதிவிடும். அதை நம்பிக் கேப் செய்தால் விளிம்பில் தொளதொளவென்று நிற்கும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரில் விளிம்பைச் சுற்றி எச்சில் கனத்துக்குச் சுரண்டிவிட்டு, கேப்பை அந்த அளவுக்கு இறுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒவ்வொரு தடவையும் கையால் செய்வானேன் என்று அந்த அளவை 'ஈரம்' என்று பேர் போட்டு ஒரு பட்டனாகவே வைத்துக்கொண்டேன். அந்தக் கிளினிக் பெயரைப் பார்த்தால் விரல் தானாக அதற்குப் போகும். ஈரமான வாய்க்கெல்லாம் அது சரி. கூடப் பிறந்தவள், தண்ணீர் பாட்டிலும் கையுமாக அலைகிறவள், அவள் வாயில் ஈரம் இல்லை என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரியாதா? தெரியும். விரலுக்குத்தான் தெரியவில்லை. இல்லாத எச்சிலைச் சுரண்டுவதாக நினைத்து, அவள் பல்லையே சுரண்டிவிட்டுச் சின்னதாகக் கேப் செய்து அனுப்பியிருக்கிறேன். எப்படி இறங்கும்?

"அந்த டப்பாவைக் காட்டும்மா," என்றேன்.

உள்ளே இரண்டு மெல்லிய வெள்ளைத் தோல்கள், தேதி எழுதிய துண்டுச் சீட்டோடு. கேப்புக்குள் ரப்பர் பசையை வைத்துப் பல்லில் அழுத்தி எடுத்தால், நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே தோலாக உரிந்து வரும். எங்கே இறுக்கமோ அங்கே கிழிந்திருக்கும்.

"ஸ்கேன் கோணலா இருந்தா ஏதாவது ஒரு பக்கம்தான் கிழியும்ணா," என்றாள் அவள். "இது அடியில சுத்திலும் ஒரே அளவுல கிழிஞ்சிருக்கு. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி. யாரோ அளவு வச்சு இறுக்கின மாதிரி. அதைத்தான் கேட்கலாம்னு..."

"நான்தான்மா இறுக்கினேன்."

திரையை விலக்கிக்கொண்டு டாக்டரம்மா வந்திருந்தார். பட்டன் கதையை அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்போ மூணு வருஷமா எங்க ஸ்கேன்ல எச்சில் நிக்குது. நீங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லல டாக்டர்."

"ஏன்?"

"ஒவ்வொரு கேப்புக்கும் நீங்க என்னைக் கைராசிக்காரர்னு சொல்லுவீங்க. அது கேட்க நல்லா இருந்துச்சு."

வேறு என்ன சொல்வது? உண்மை அதுதான். அந்தப் பெண் மெதுவாக, "சொல்லியிருந்தா அப்பவே திருத்தியிருப்பேனே அண்ணா," என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

"ஒண்ணு தெரிஞ்சுக்கங்க," என்றார் டாக்டரம்மா. "ரெண்டாவது கேப் இறங்கலன்னதும் எனக்கே பொறுமை போச்சு. பல்லை ஓரத்துல லேசா தேய்ச்சு உட்கார வச்சிடலாம்னு டிரில்லைக் கையில எடுத்துட்டேன். இவதான் என் கையைப் பிடிச்சா. பல்லுல தப்பில்ல டாக்டர், தொடாதீங்க, இன்னொரு தடவை திருப்பி அனுப்பலாம், திட்டினா நான் வாங்கிக்கிறேன்னா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அன்று அந்தப் பல்லை ஓரம் தேய்த்திருந்தால் அதில் மிச்சம் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய சொந்த அக்காவா, தங்கையா? என் அக்கா பல்லுக்காக என் வாயிலிருந்து வந்த அத்தனையையும் அவள் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் என்னவோ அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பி வந்தேன்.

அக்கா உதட்டோரத்தில் பஞ்சை அழுத்தியபடி எழுந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அப்போ இன்னிக்கு எடுத்த ஸ்கேன் எதுக்குடா?"

"தேவையே இல்லக்கா. முதல் ஸ்கேனே போதும்."

"அந்தப் பொண்ணு ஆரம்பத்துலயே ஒரு நிமிஷம் கேட்டுச்சு."

"ஆமாக்கா."

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். என்னைப் பார்க்காமல், "வெளிய போய் நில்லு," என்றாள். போய் நின்றேன்.

லேபுக்குத் திரும்பியதும் மூன்று ஸ்கேனையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மூன்று வெவ்வேறு நாள், நடுங்குகிற வாய், நிறுத்தி நிறுத்தி எடுத்தது. வித்தியாசம் இருந்தால் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். முழுக்கப் பச்சை. எனக்கு அப்படி ஒரு கை அமையுமா என்பது சந்தேகம்தான். பட்டனைத் தொடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முதலிலிருந்து வரைந்தேன். சூளையிலிருந்து எடுத்த கேப்பை லென்ஸுக்கு அடியில் எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. பக்கத்து மேஜைக்காரர், "அதுக்கு மயக்கம் வந்துடப் போகுது, விடுங்க," என்றார்.

மூன்றாம் நாள் அக்காவுக்குக் கேப் வைத்தார்கள். என்னை உள்ளே விடக் கூடாது என்று அக்கா உத்தரவு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு சத்தமும் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் என் கேப் ஒன்று இறங்குமா என்று நான் பயந்து உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள். உள்ளங்கையில் ஈரம் காயாத வெள்ளைத் தோல். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். எங்கேயும் கிழியவில்லை. சுற்றிலும் ஒரே மெல்லிசு.

"இறங்கிடுச்சுண்ணா. விளிம்புல ஊசி வச்சுத் தடவிப் பார்த்தாச்சு, எங்கயும் தட்டல. டாக்டர் ஒட்டிட்டிருக்காங்க."

உட்கார்ந்தபடியே கும்பிட்டுவிட்டேன். அவள் பதறிப்போய் ஓரடி பின்னால் போனாள்.

"ரெண்டு தடவை திருப்பி அனுப்பினீங்களே, அதுக்கு நன்றிம்மா," என்றேன். "உங்களைப் பேசினதுக்கெல்லாம் மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம்ணா. இனிமே என் ஸ்கேன்ல எச்சில் நின்னா எனக்குப் போன் பண்ணுங்க. கத்தினாலும் பரவால்ல, சொல்லுங்க."

அன்று போய் முதல் வேலையாக 'ஈரம்' பட்டனை அழித்தேன். அடுத்த நாளே வந்த ஒரு ஸ்கேனில் பின்பக்க ஓரத்தில் எச்சில் நின்றது. போன் செய்தேன். நோயாளி நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் மறுபடி எடுத்து அனுப்பிவிட்டாள். நான் கத்தவும் இல்லை, மனைவிதான் நம்பவில்லை. இப்போது அங்கிருந்து வரும் ஸ்கேன்களில் எனக்குச் சுரண்ட எதுவுமில்லை. டாக்டரம்மா கைராசி என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். நியாயம்தான்.

ஆனால் அக்கா பேசவில்லை. கேப் வைத்த அன்று பெஞ்சில் இருந்த என்னைத் தாண்டி விடுவிடுவென்று நடந்து போனவள்தான். போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நேரமாகிவிட்டது என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் கோபம் அத்தனையும் நியாயம். தேவையில்லாமல் வெடித்த அந்த உதட்டோரத்தில் இன்னும் தழும்பு இருந்தது. ஒரு வாரம் குழைவான சாப்பாடுதான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், பல் எப்படி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முகமில்லை.

எட்டாவது நாள் மதியம் கடைகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா எண். எடுத்து, "சொல்லுக்கா," என்றேன். பதில் இல்லை. "அக்கா?" என்றேன். அப்போதும் இல்லை. நான் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகு 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் மெதுவாக மெல்லுகிற ஓசை. ஒரு மிடறு தண்ணீர். மறுபடி 'நறுக்'.

"வெள்ளரிக்காய்டா," என்றாள் அக்கா. "முழுசு. அரைக்கல. எல்லாரோடயும் உட்கார்ந்திருக்கேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத. இன்னும் பாதி இருக்கு."

மெஷினை நிறுத்திவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.